வலைவழித் தேசப்படங்களும் காவேரிப் பாசனக் கிராமங்களும்

நிலத்தை உழுகிறவனுக்கு ஏர் எவ்வளவு அவசியமோ, நிலத்தை உடையவனுக்கு அதன் அளவையும் எல்லையையும் காட்டும் படம் அவ்வளவு அவசியமென்பது தஞ்சைப் பிரதேசத்துக் குடியானவர்கள் யாவரும் அறிந்த விஷயமே. புலப்படம், கிராமப்படம், அ-பதிவேடு, அடங்கல் ஆகிய இவை நெடுங்காலமாய்க் கிராமத்திலும் தாலூகாக் கச்சேரியிலும் காகிதக் கட்டுகளாக இருந்து வந்தன. சென்ற இருபது வருஷங்களுக்குள் இவற்றிற் பெரும்பகுதி கணினிக்குள் புகுந்து, வீட்டிலிருந்தபடியே செல்போன் திரையிற் பார்க்கக்கூடிய வலைவழித் தேசப்படங்களாக மாறி வருகிறது. பயிர் இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு, வெள்ளச் சேத மதிப்பு, வாய்க்கால் தூர்வாரும் வேலை ஆகியவற்றில் இப்படங்களின் சொல் நாளுக்கு நாள் அதிகமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. படம் சரியாயிருந்தால் குடியானவனுக்கு அநுகூலம். தவறாயிருந்து அதைத் தவறென்று எடுத்துச்சொல்ல அவனுக்குத் தெரியாவிட்டால் நஷ்டம் அவனுடையதே. ஆகையால், இப்படங்கள் எவ்வாறு உண்டாகின்றன, அவற்றைச் செய்யும் கருவிகளில் அண்மையில் ஏற்பட்ட அபிவிருத்திகள் யாவை, எந்த அளவிற்கு அவற்றை நம்பலாம் என்பவற்றை நிலச்சுவான்தார்களுக்கும் கிராமாதிகாரிகளுக்கும் விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

1. முன் நடந்த அளவு வேலைகள்

தென்னிந்தியாவை முக்கோண முறையால் அளக்கும் வேலையை லாம்டன் துரை 1802-ம் வருஷம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு அளந்து தொடங்கினார். காவேரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோயிற் கோபுரங்களே அவருக்கு அளவு ஸ்தானங்களாயின. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிக் கெட்டுப்போயிற்று. அவர் பல வாரங்கள் உழைத்துத் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அதன் பின்னர் வயல் வயலாக நடந்த சர்வேயில் 66 அடி நீளமும் 100 கண்ணியும் உள்ள சங்கிலி உபயோகிக்கப்பட்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் ஆகும். பழைய புலப்படங்களிற் காணும் எண்கள் இக்கண்ணிக் கணக்கிலேயே இருக்கின்றன. ஒரு கண்ணி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். சர்வே கற்களுக்கும் எல்லைகளுக்கும் ஆதாரமான சட்டம் 1923-ல் ஏற்பட்டது. அது இன்றும் அமலில் இருக்கிறது. 1980-ல் கர்ணம், மணியம் முதலிய பகுதிநேரப் பதவிகள் நீக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி ஏற்பட்டது. அந்தப் பத்து வருஷ காலத்தில் நடந்த யு.டி.ஆர். திட்டத்தில் பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன.

ஜில்லா எல்லைகளும் மாறின. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிக்கப்பட்டது; 1997-ல் திருவாரூரும், 2020-ல் மயிலாடுதுறையும் தனி ஜில்லாக்களாயின. ஒரு கிராமத்தின் பெயரும் தாலூகாவும் பழைய படத்தில் ஒருவிதமாகவும் புதிய படத்தில் வேறுவிதமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். வலைவழிப் படத்தில் தம் கிராமத்தைத் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

2. வலைவழிப் படம் திரைக்கு வரும் விதம்

உலகம் முழுவதையும் ஒரே காகிதமாக எண்ணி, அதை முதலில் ஒரு சதுர ஓட்டில் வரைந்ததாகக் கொள்வோம். அடுத்த படியில் அவ்வோடு நான்காகப் பிரிக்கப்படுகிறது. அதற்கடுத்த படியில் ஒவ்வொன்றும் மறுபடி நான்காகி மொத்தம் 16 ஓடுகள் ஆகின்றன. பத்தாம் படியில் ஓடுகளின் தொகை பத்து லக்ஷத்திற்கு மேல்; பதினெட்டாம் படியில் சுமார் 6,900 கோடி. பதினெட்டாம் படியில் திரையின் ஒரு புள்ளி, நம் ஊர்ப் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டடி நிலத்தைக் குறிக்கும். பார்க்கிறவர் விரலால் படத்தைப் பெரிதாக்கும்பொழுது, அவர் பார்க்கும் இடத்திற்கு உரிய சில ஓடுகள் மாத்திரம் வலைவழியே வந்து ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. 2005-ல் கூகுள் கம்பெனியார் தங்கள் தேசப்படத்தை இம்முறையில் வெளியிட்டது முதல் இது எங்கும் பரவிற்று. அதற்கு முந்தின வருஷமே, எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படம் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டிருந்தது. நமது தேசத்தில், ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் மூலமாக இஸ்ரோ ஸ்தாபனம் 2009-ல் புவன் என்னும் படத்தலத்தை வெளியிட்டது.

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை அரசாங்கத்தின் இணையச் சேவைத் தலத்திற் பார்க்கலாம். புலப்படங்களைக் கணினியில் ஏற்றுவதற்குத் தேசியத் தகவலியல் மையத்தார் செய்த கொலாப்லேண்ட் என்னும் மென்பொருள் உபயோகிக்கப்பட்டது. மின் ஆளுமை முகமையார் நடத்தும் டி.என்.ஜி.ஐ.எஸ். தலத்தில் சர்வே எண் வரைந்த புலங்களைச் செயற்கைக் கோட் படத்தின்மேல் வைத்துக் காணும் வசதியும் உண்டு.

3. கருவிகளில் ஏற்பட்ட புதிய அபிவிருத்திகள்

முதலில் வந்த ஓடுகள் அச்சடித்த சித்திரம் போன்றவை. அவற்றில் வாய்க்கால் ஒரு நீலக் கோடு மாத்திரமே. அதன் பெயரையோ அகலத்தையோ அதனிடம் கேட்க முடியாது. இப்பொழுது பரவி வரும் கோட்டு ஓடுகளோ நமது புலப்படத்தை ஒத்தவை. புலப்படத்தில் அளவெண்களை மாத்திரம் எழுதி வைத்தால் ஸர்வேயர் வேண்டும்பொழுது வரைந்துகொள்ளுகிறார் அல்லவா? அது போலவே, கோட்டு ஓட்டில் முனைகளின் இடக்குறிகளும் புலத்தின் விவரங்களும் மாத்திரம் இருக்கின்றன. வரையும் வேலையைச் செல்போனே செய்கிறது. இதனால் ஓட்டின் எடை குறைகிறது. பெரிதாக்கினாலும் கோடுகள் மங்குவதில்லை. ஒரே படத்தைக் கிராம நிர்வாக அலுவலர் சர்வே எண்ணோடும், பாசன உதவியாளர் மதகு எண்ணோடும், குடியானவர் பயிரின் நிறத்தோடும் பார்க்கலாம்.

இவ்வோடுகளை வரைவதற்கு மேப்பாக்ஸ் கம்பெனியாரின் மென்பொருளே பலராலும் உபயோகிக்கப்பட்டு வந்தது. 2020 டிசம்பரில் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபொழுது, அதுவரை பொதுவுடைமையாக இருந்த உரிம நிபந்தனை மாற்றப்பட்டது. படம் செய்வோர் பலர் ஒன்று சேர்ந்து, பழைய பொதுப் பதிப்பை எடுத்து மேப்லிப்ரே என்ற பெயருடன் நடத்தத் தொடங்கினர். இரண்டு வருஷங்களுக்கு முன்பு 2018-ல் கூகுள் கம்பெனியாரும் தங்கள் படத்தைப் பிறர் தலங்களில் வைப்பதற்குரிய கட்டணத்தை மாற்றியமைத்திருந்தனர். இவ்விரண்டு சம்பவங்களாலும் விளங்கும் நீதி ஒன்று: கிராமத்தின் கணக்கு ஒரு கம்பெனியாரின் பெட்டியில் மாத்திரம் திறக்கும்படி இருக்கலாகாது. எந்தப் பெட்டியிலும் திறக்கக்கூடிய பொது அமைப்பிலேயே அதை வைத்திருக்க வேண்டும். உக்ரேன் தேசத்தவர் ஒருவர் 2011-ல் வெளியிட்ட லீஃப்லெட்டும், 2002-ல் தொடங்கிய க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளும் இத்தகைய பொதுக் கருவிகளே. இவற்றிற்கு விலை இல்லை.

இரண்டாவது அபிவிருத்தி, படத்தை வைத்திருக்கும் செலவைப் பற்றியது. முன்பு ஒரு ஜில்லாவின் படத்தை வலையில் வைக்க வேண்டுமானால், இரவும் பகலும் ஓடும் தனிக் கணினியும் அதைப் பராமரிக்க ஒரு ஆளும் வேண்டும். பிஎம்டைல்ஸ் என்னும் புதிய அமைப்பில் லக்ஷக்கணக்கான ஓடுகளும் ஒரே கோப்பாகக் கட்டப்படுகின்றன. அக்கோப்பின் தலைப்பில் எந்த ஓடு எங்கே இருக்கிறதென்ற அட்டவணை உண்டு. செல்போன் அட்டவணையைப் படித்து, வேண்டிய பக்கத்தை மாத்திரம் கேட்டு வாங்கிக்கொள்ளும். கோப்பை ஒரு சாதாரண வலைக் கிடங்கிற் போட்டு வைத்தாற் போதும். ஒரு கிராமத்தின் படம் முழுவதும் செல்போனிலேயே அடங்கிவிடுமாதலால், சமிக்ஞை கிடைக்காத வயல்வெளியிலும் பார்க்கும்படி செய்யலாம்.

செயற்கைக் கோட் படங்களுக்கும் இதை யொத்த ஏற்பாடு வந்துவிட்டது. ஐரோப்பிய ஸென்டினல்-2 படத்தின் ஒரு துண்டு பக்கத்திற்கு 10,980 புள்ளிகள் உடையது. மொத்தம் 12 கோடிப் புள்ளிகள். 500 ஹெக்டேர் கிராமத்திற்கு இவற்றில் 50,000 புள்ளிகளே தேவை. பகுதி பகுதியாய்ப் படிக்கக்கூடியவாறு அமைத்த புதிய படக் கோப்பில், அந்த 50,000 புள்ளிகளும் அவற்றைச் சுற்றியுள்ள சிறிது பாகமும் மாத்திரம் இறங்குகின்றன. குறைந்த வேகமுள்ள இணைப்பை வைத்துக்கொண்டும் ஒரு பருவத்தின் படங்களை வரிசையாகப் பார்க்க முடிவது இதனால்தான்.

4. இடக்குறியும் எழுத்தும்

வலைவழிப் படத்தில் ஒவ்வொரு இடத்திற்கும் இரண்டு எண்கள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வட அகலாங்கு ஏறக்குறைய 10.78, கிழக்கு நெட்டாங்கு 79.13. புள்ளிக்குப் பின் நான்கு ஸ்தானம் எழுதினால் சுமார் 11 மீட்டர் வரையிலும், ஐந்து ஸ்தானம் எழுதினால் சுமார் ஒரு மீட்டர் வரையிலும் இடம் குறிக்கப்படும். இரண்டு ஸ்தானத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வரை தவறு நேரலாம். வேறு கிராமத்து வயலைக் குறித்ததாகவும் முடியும். மதகு உடைப்பைப் பற்றியோ பயிர்ச் சேதத்தைப் பற்றியோ அறிவிக்கிறவர்கள் ஐந்து ஸ்தானம் எழுதுவதை வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

எண்களின் வரிசையிலும் கவனம் தேவை. நாம் பேச்சில் அகலாங்கை முன்னும் நெட்டாங்கைப் பின்னும் சொல்லுகிறோம். படம் செய்வோர் உபயோகிக்கும் ஜியோஜேஸன் என்னும் எழுத்தமைப்பில் நெட்டாங்கே முன் நிற்கும். இவ்விரண்டும் மாறிவிட்டால், தஞ்சாவூர் வயல் வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கரையோரத்தில் போய் நிற்கும். ஒரு வயல் பனிக்கட்டிக்கு நடுவே காணப்பட்டால், வரிசை மாறிற்றென்று அறிந்து திருத்திக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டு ஓட்டுப் படங்களில் எழுத்தையும் செல்போனே வரைகிறது. மேற்சொன்ன மென்பொருள்கள் ஒவ்வோர் எழுத்துக் குறியையும் தனித்தனியே இடமிருந்து வலமாக அடுக்கும்படி அமைந்தவை. ஆங்கிலத்திற்கு அது போதும். "வெண்ணாறு" என்பதில் கொம்பு வகரத்திற்கு முன் நிற்க வேண்டும். "கொள்ளிடம்" என்பதில் ககரத்தின் இரு பக்கங்களிலும் குறிகள் வர வேண்டும். இவை இடம் மாறிப் பெயர்கள் படிக்க முடியாதபடி வருவது நெடுநாளைய குறை. இதைத் திருத்தும் முயற்சிகள் நடந்து வருகின்றன. கிராம மக்களுக்கான படத்தைச் செய்விக்கிறவர்கள், வாய்க்கால்களின் பெயர்கள் தமிழில் பிழையின்றி வருகின்றனவா என்று பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

5. வானிலிருந்து பயிரைப் பார்த்தல்

படத்தின் புள்ளி எவ்வளவு நிலத்தைக் குறிக்கிறதென்பதை நம் அளவையிலேயே காணலாம். 20 மா ஒரு வேலி; வேலி ஏறக்குறைய 6 2/3 ஏக்கர்; ஆதலால் ஒரு மா சுமார் 33 சென்ட். இதன்படி:

லாண்ட்ஸாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரம். அதாவது சுமார் 22 சென்ட். ஒரு மாவுக்கு ஒன்றரைப் புள்ளி.

ஸென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம்; அதாவது சுமார் 2 1/2 சென்ட். ஒரு மாவுக்குப் பதின்மூன்று புள்ளிகள்.

லாண்ட்ஸாட்டில் அரை வேலிப் பண்ணை தெரியும். ஒற்றை மா தெரியாது. ஸென்டினலில் ஒரு மாவும் தெரியும். ஆனால் அதன் ஓரப் புள்ளிகள் அயல் வயலின் பயிரோடும் வரப்போடும் கலந்தே இருக்கும்.

காவேரிப் பாசனத்தில் இதைவிடப் பெரிய இடைஞ்சல் மேகம். சம்பாவும் தாளடியும் வயலில் நிற்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. வெள்ளம் வயலை மூடியிருக்கும் நாளில் வானத்தை மேகம் மூடியிருக்கும். சூரிய ஒளியைக் கொண்டு எடுக்கும் படத்தில் வெண்மையைத் தவிர வேறொன்றும் தோன்றாது. இக்குறையை நீக்குவது ராடார். ராடார் செயற்கைக் கோள் தானே அலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. அவ்வலை மேகத்தையும் இரவையும் பொருட்படுத்துவதில்லை. நாற்று நட்டவுடன் நீர் நிற்கும் வயல் கண்ணாடிபோல் அலையை வேறு பக்கம் எறிந்துவிடுவதால் படத்திற் கறுப்பாகத் தோன்றும். பயிர் தூர் கட்டி வளர வளர அவ்விடம் வெளுக்கும். இவ்வாறு கறுத்துப் பின் வெளுக்கும் வரிசையைக் கொண்டு, எந்த வாரத்தில் நடவு நடந்தது, எங்கே நடவே நடக்கவில்லை, எங்கே வெளுத்த பயிர் மறுபடியும் வெள்ளத்தாற் கறுத்தது என்பவற்றை அறியலாம். ஐரோப்பிய ஸென்டினல்-1 ராடார் 2014-ல் ஏவப்பட்டது. இஸ்ரோவின் இ.ஓ.எஸ்.-04 ராடார் 2022-லும், அமெரிக்க நாஸாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நைஸார் 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்தும் ஏவப்பட்டன. நைஸார் 12 நாட்களுக்கு ஒருமுறை ஒரே பாதையில் வருவது.

இம்முறை நமக்குப் புதிதன்று. கோயமுத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரோடும் ஸ்விட்ஸர்லாந்தின் ஸார்மாப் கம்பெனியாரோடும் சேர்ந்து, ரைஸ் என்ற திட்டத்தின்கீழ்க் காவேரி ஜில்லாக்களின் நெற்பரப்பை ராடாரால் கணித்து வந்திருக்கின்றனர். 2016-ல் பருவமழை பொய்த்துச் சம்பாப் பயிர் கெட்டபொழுது, விதைக்க முடியாத இடங்களை அறிவதற்கு அப்படங்கள் துணை செய்தன. பிரதம மந்திரி பயிர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில், நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூலைக் கணக்கிடுகையில் தொழில்நுட்ப முறையால் கிடைக்கும் மதிப்புக்கு நூற்றுக்கு 30 பங்காவது இடம் தரும் ஏற்பாடு 2023 காரிப் பருவத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. அதுவரை அறுவடைப் பரிசோதனையே ஆதாரம். 5 மீட்டர் சதுரத்தில் அறுத்து அடித்து நிறுத்துப் பார்ப்பதை நம் கிராமாதிகாரிகள் நன்கறிவர். இனி அப்பரிசோதனையும் வானத்துப் படமும் ஒன்றையொன்று சோதிக்க வேண்டும். நஷ்டஈடு தனி வயலுக்கன்றி அறிவிக்கப்பட்ட கிராமத்திற்கே கணக்கிடப்படும் இடங்களில், கிராம எல்லைக்கோடு படத்தில் சற்று நகர்ந்திருந்தாலும், மேட்டு நிலமோ அயற்கிராமத்து நல்ல பயிரோ உள்ளே சேர்ந்து சராசரி மாறும். எனவே எல்லைக்கோடு சரியாயிருப்பது ஒவ்வொரு குடியானவரின் காரியமாகும்.

6. படத்தில் நேரும் பிழைகள்

முதலாவது, செல்போனின் பிழை. திறந்த வெளியிலும் செல்போன் காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீட்டர் வரை தவறலாம். தென்னந்தோப்பிலோ மூங்கிற் புதர் ஓரத்திலோ இன்னும் அதிகம். ஒரு மா சதுரமாயிருந்தால் அதன் பக்கம் சுமார் 36 1/2 மீட்டர். ஒரு பக்கத்து எல்லை 5 மீட்டர் நகர்ந்தால் 4 1/2 சென்ட் மாறும். அதாவது நிலத்தில் ஏறக்குறைய ஏழிலொரு பங்கு. வரப்போ இரண்டடி அகலமே. ஆகையால் செல்போனைப் பார்த்து வரப்பை வெட்டுவதும் கல்லை நகர்த்துவதும் வழக்கிற்கே வழி. சில சென்டிமீட்டர் வரை சரியாக அளப்பதற்கு ஸ்திர நிலையங்களின் திருத்தத்தைப் பெறும் தனிக் கருவி வேண்டும். அதுவும் சர்வே இலாகாவின் மூலம் செய்யப்பட்டாலன்றி எல்லைக்கு ஆதாரமாகாது.

இரண்டாவது, பொருத்தும் பிழை. சங்கிலியால் அளந்த புலப்படத்தைக் கோள் படத்தின்மேல் வைக்கையில், சில அடிகள் இடம் பெயர்வது சகஜம். கிராமம் முழுவதும் ஒரே திக்கில் நகர்ந்திருந்தால் அது பொருத்தினதின் பிழை; ஒரு புலம் மாத்திரம் நகர்ந்திருந்தால்தான் நிலத்தில் ஏதோ மாறியிருக்கலாமென்று ஆராய வேண்டும். இந்த வித்தியாசத்தை அறியாமல், படத்தில் தம் கோடு அயலார் வயலில் விழுந்திருப்பதைக் கண்டு சச்சரவு தொடங்குவது வீண்.

மூன்றாவது, யந்திரம் வரைந்த வயல்கள். கோள் படத்தில் வரப்புகளைக் கண்டு, வயல்களின் எல்லையைக் கணினியே வரையும் முறை இப்பொழுது வந்திருக்கிறது. கூகுள் கம்பெனியார் 2024-ல் இந்திய விளைநிலங்களுக்கு இத்தகைய சேவையை அறிவித்தனர். பயிர்ப்பரப்பை மதிப்பிடுவதற்கு இது நன்கு உதவும். ஆனால் யந்திரம் காண்பது வரப்பையேயன்றி உடைமையையன்று. ஒரு சர்வே எண்ணுக்குள் பத்து வரப்புகள் இருக்கலாம். இரண்டு உட்பிரிவுகள் ஒரே வயலாக உழப்படலாம். கோயில் நிலமும் மடத்து நிலமும் மிகுந்த நம் பிரதேசத்தில், உடையவர் ஒருவர், பயிரிடுகிறவர் மற்றொருவர். குத்தகைதாரரின் உரிமை 1969-ம் வருஷத்துக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படியான பதிவேட்டிலும், அவரது சாகுபடி அடங்கலிலும் காணப்படுமேயன்றி வானத்திலிருந்து காணப்படாது. படத்தைக் கொண்டு நஷ்டஈட்டுப் பட்டியல் தயாரிக்கும் இடத்தில் இதை மறந்தால், வெள்ளத்தில் முதல் இழந்தவன் ஒருவன், பணம் பெறுகிறவன் வேறொருவன் என்றாகும்.

நான்காவது, உயரப் பிழை. தஞ்சாவூர் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 57 மீட்டர்; அங்கிருந்து கடற்கரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஆகவே கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கும் குறைந்த சரிவே உண்டு. கடைமடையில் இன்னும் குறைவு. 2000-ம் வருஷத்தில் விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்டு எங்கும் இலவசமாய்க் கிடைக்கும் உயரப்படத்தில் பல மீட்டர் பிழை இருக்கக்கூடும். மரமும் வீடும் உயரத்தோடு சேர்ந்துவிடும். மலைநாட்டிற்கு அது போதுமாயினும், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நீர் எத்திசையில் வடியுமென்பதைச் சொல்ல அது தகாது. வடிகால் திட்டத்திற்கு லெவல் கருவி வைத்து அளந்த எண்ணையே கேட்க வேண்டும்.

7. கிராமத்திற் செய்யக்கூடிய வேலை

2015 டிசம்பரில் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கியபொழுது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின்மேல் அமைத்த ஒரு வலைப்படத்தில் ஜனங்களே தங்கள் தெருவைத் தொட்டு, நீர் நிற்பதைக் குறித்தனர். அரசாங்கப் படம் வருவதற்குக் காத்திராமல், எந்தத் தெருக்களில் நீர் நிற்கிறதென்பது யாவருக்கும் விளங்கிற்று. தெருவுக்குச் செய்ததை வாய்க்காலுக்கும் செய்யலாம். ஆற்றுப் பாசனத்தில் பெரிய ஆறுகளும் முக்கிய வாய்க்கால்களும் எல்லாப் படங்களிலும் உள்ளன. கன்னி வாய்க்கால்களும் வடிகால்களும் பெரும்பாலும் இல்லை. படத்தில் இல்லாத வாய்க்கால், தூர்வாரும் பட்டியலிலும் மறக்கப்படுவது எளிது. ஆக்கிரமிப்பிற்கும் அது எளிய இரை.

வழக்கமாக மேட்டூர் அணை திறக்கப்படும் ஜூன் 12-ந் தேதிக்கு முன்னர், வாய்க்கால்கள் வறண்டிருக்கும் சித்திரை, வைகாசியில் இவ்வேலையைச் செய்வது உத்தமம். கிராமத்தில் கணினி படித்த இளைஞர் இருவரும், வாய்க்கால் முறையறிந்த முதியவர் ஒருவரும் போதும். தலைப்பு மதகிலிருந்து கடைமடை வரை நடந்து செல்போனில் பாதையைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மதகு, குழாய்ப் பாலம், கரை இடிந்த இடம், ஆகாயத்தாமரையோ நெய்வேலிக் காட்டாமணக்கோ அடைத்த இடம் ஆகியவற்றை நின்று, தேதியுடன் புகைப்படம் எடுத்துக் குறிக்க வேண்டும். வாய்க்காலின் பெயரை முதியவர் சொல்லும் வண்ணமே எழுதுக. சர்வே எண்ணைப் புலப்படத்தைப் பார்த்துச் சேர்க்க. வீடு திரும்பி க்யூஜிஐஎஸ் மென்பொருளில் இவற்றை ஏற்றி, பிஎம்டைல்ஸ் கோப்பாக்கினால் கிராமத்தின் பாசனப் படம் கையில் வந்துவிடும். இதில் 5 மீட்டர் பிழை இருந்தாலும் பாதகமில்லை. ஏனெனில் இது எல்லைக்கன்று, வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறதென்று காட்டுவதற்கே. 2021 பிப்ரவரி 15-ந் தேதி இந்திய அரசாங்கத்தார் வெளியிட்ட நெறிகளின்படி, இந்தியர்கள் இவ்வகைப் படம் செய்வதற்கு முன் அநுமதி கோர வேண்டியிருந்த நிலை பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது.

இப்படத்தை இரண்டு பருவங்களின் ராடார்ப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால், வெள்ளம் வடிந்த பின்னும் கறுத்தே நிற்கும் வயல்கள் எந்த வடிகாலை நம்பியிருப்பவை என்பது தோன்றும். நீர்வளத் துறையாருக்கு எழுதும் விண்ணப்பத்தில் "எங்கள் வயலில் நீர் வடியவில்லை" என்பதோடு, இன்ன இடக்குறியில் உள்ள இன்ன குழாய்ப் பாலத்தில் அடைப்பு என்றும் சேர்த்து எழுதினால், அதைக் கவனிப்பதும் எளிது. கவனிக்கவில்லையென்று பின்னர் காட்டுவதும் எளிது.

8. கவனிக்க வேண்டியவை

(1) வலைப்படத்திலுள்ள தம் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றைப் பட்டாவோடும் புலப்படத்தோடும் வருஷத்திற்கு ஒருமுறையாவது ஒத்துப்பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால், நஷ்டஈட்டுக் காலம் வரும்வரை காத்திராமல் அப்பொழுதே தாலூகாக் கச்சேரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

(2) பாகப்பிரிவினையோ கிரயமோ நடந்தால் உட்பிரிவு செய்துகொள்ளத் தாமதிக்கலாகாது. மூலக் கணக்கிற் பிரியாதது படத்திலும் பிரியாது.

(3) சர்வே கல் புதைந்தோ பெயர்ந்தோ போயிருந்தால், சர்வே இலாகாவார் மூலமாகவே மறுபடி நட வேண்டும். கோட் படத்தைக் காட்டி எவரும் தாமே நடலாகாது.

(4) கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலைப் பருவத்தில் நேரிற் பார்த்தே எழுத வேண்டும். கோட் படத்திற்கும் அடங்கலுக்கும் வித்தியாசம் தோன்றினால் மறுபடி வயலுக்குச் சென்று பார்ப்பதே முறை. ஒன்றை மற்றொன்றுக்கு இணங்கத் திருத்திவிடுவது இரண்டையும் கெடுத்துவிடும்.

(5) பயிர்ச் சேதத்தின்போது எடுக்கும் புகைப்படத்தில் தேதியும் இடக்குறியும் பதியும்படி செல்போனை முன்னமே சரிசெய்து வைத்திருக்க வேண்டும். நீர் வடிந்த பின் எடுத்த படத்திற்கு மதிப்புக் குறைவு.

(6) குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள், தங்கள் பெயர் பதிவேட்டிலும் அடங்கலிலும் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பருவத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

(7) கிராமத்திற்காகச் செய்யும் படத்தின் மூலக் கோப்புகளைச் செய்தவரிடமிருந்து பொது அமைப்பில் கேட்டு வாங்கி, ஊராட்சியில் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்த பிறகும், வாய்க்கால் வெட்டி மதகு வைத்த கிராமங்களே அதன் முழுப் பயனை அடைந்தன. வலைவழித் தேசப்படமும் அத்தகையதே. தலைநகரிலும் வானத்திலும் எவ்வளவு சிறந்த கருவி இருப்பினும், கிராமத்துப் புலப்படமும் அடங்கலும் சரியாயிருந்தாலன்றி அதன் பயன் கடைமடைக் குடியானவன்வரை வந்து சேராது. நிலத்தையும் வாய்க்காலையும் நேரில் அறிந்தவர்கள் குடியானவர்களும் கிராமாதிகாரிகளுமே. அவர்கள் தம் கிராமத்தின் படத்தை ஒருமுறை திறந்து பார்த்துப் பிழை கண்டு சொல்லத் தொடங்குவார்களாயின், வருகிற சம்பாவிற்குள்ளேயே அதனால் விளையும் நன்மை தோன்றும்.